பணியிடைப் பயிற்சியில் மறைந்திருந்த மொழிபெயர்ப்பு: வகுப்பறையிலிருந்து இணையத்துக்கு

இந்தியப் பள்ளியாசிரியர்களின் பணியிடைப் பயிற்சி வரலாற்றில் 2020ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகக் கொள்ளப்படுகிறது. 2019 ஆகஸ்ட் 21இல் தொடங்கப்பெற்று, நாடெங்கும் பயிற்சி மையங்களின் வகுப்பறைகளில் நடந்துவந்த நிஷ்தா என்னும் திட்டம், கொரோனாப் பெருந்தொற்றால் மையங்கள் மூடப்பட்ட நிலையில், 2020 அக்டோபர் 6 முதல் தீக்ஷா என்னும் இணையத் தளத்துக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றத்தின் கருவி சார்ந்த பக்கங்களான செல்பேசி வசதி, இணைய வேகம், காணொளியின் தரம் ஆகியவை மிகுதியும் பேசப்பட்டன. மொழி சார்ந்த பக்கம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. வகுப்பறைப் பயிற்சிக்குள் ஒரு மொழிபெயர்ப்புப் பணி நாள்தோறும் நடந்துவந்தது. அதற்குத் தனிப் பெயரில்லை. அது எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. அதைச் செய்தவர்களும் தாம் மொழிபெயர்ப்பதாக எண்ணியதில்லை. பயிற்சி இணையத்துக்குச் சென்றபோது அப்பணி இல்லாமற் போய்விடவில்லை. செய்வோர் மாறினர், வாய்மொழி எழுத்தாயிற்று, பலமுறை நிகழ்ந்தது ஒருமுறை நிகழ்வதாயிற்று. இவ்விடமாற்றத்தின் வரலாற்றை 1975 முதல் தொடர்ந்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

அடுக்கு முறையும் அதன் மொழியும்

கோத்தாரி தலைமையிலான கல்வி ஆணைக்குழு (1964-66), பணியிலிருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று மாதப் பயிற்சி பெறவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆசிரியர் தொகை இலட்சக்கணக்கில் பெருகிவந்த நாட்டில் ஓராசிரியரை அத்தனை காலம் பள்ளியினின்று விலக்கி வைப்பது எந்த மாநிலத்துக்கும் எளிதன்று. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து நடந்த பெருந்திரள் ஆசிரியர் பயிற்சித் திட்டம் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சில ஆண்டுகளுக்குள் எட்டியது. பயிற்சிக் காலம் மாதக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்குச் சுருங்கியதும், பயிற்சி பெற்றவரே அடுத்த நிலையினருக்குப் பயிற்சியளிக்கும் அடுக்கு முறையும் அதனை இயலச் செய்தன. பின்னர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும், 1990களிலும் 2000த்தை ஒட்டியும் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் தோன்றின. அடுக்குகள் நிலைபெற்றன.

நிஷ்தாவும் இவ்வமைப்பையே கைக்கொண்டது. 2019இல் வெளியான திட்டப்படி, தேசிய நிலையில் 120 பேர், மாநிலங்களிலிருந்து வரும் 33,120 பேருக்குப் பயிற்சியளிப்பர்; அவர்கள் ஏறத்தாழ 42 இலட்சம் தொடக்கநிலை ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் வட்டார அளவில் சந்திப்பர். மேலிருந்து கீழே இறங்கும் இம்முறைக்கு ஆங்கிலம் அருவியின் பெயரைச் சூட்டியுள்ளது. கல்வியியலாளர்கள் இம்முறைமீது வைக்கும் குற்றச்சாட்டும் அவ்வுருவகத்தை ஒட்டியதே: உச்சியில் விழும் நீர் அடிவாரத்தை அடையுமுன் சிதறிவிடுகிறது, மேல்நிலையில் சொல்லப்பட்டதில் ஒரு பகுதியே கீழ்நிலையை எட்டுகிறது.

இக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ஆயின் சிதறல் என்று கணக்கிடப்பட்டதில் எவ்வளவு இழப்பு, எவ்வளவு பெயர்ப்பு என்பது பிரித்து நோக்கப்படவில்லை. தில்லியில் பயிற்சிப் பொருள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருவாகிறது. மாநிலத் தலைநகரில் அதைப் பெறுவோர் ஆங்கில அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மொழியும் ஆங்கிலமும் கலந்த நடையில் விவாதிக்கின்றனர். மாவட்டத்தில் ஆங்கிலத்தின் பங்கு குறைகிறது. வட்டார வள மையத்தில், சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் அறையில், பயிற்சிப் பொருள் பேச்சுமொழியாகிவிடுகிறது. நான்கு அடுக்குகள் என்றால் நான்கு பெயர்ப்புகள்.

இவற்றுள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. ரோமன் யாக்கப்சன் 1959இல் வகுத்த பாகுபாட்டின்படி மேலடுக்குகளில் நிகழ்வது மொழிகளுக்கிடையேயான பெயர்ப்பு. கீழடுக்கில் நிகழ்வது பெரிதும் ஒரு மொழிக்குள்ளேயே நிகழும் பெயர்ப்பு. தமிழ் போன்ற இரட்டை வழக்கு மொழியில் இரண்டாவது முதலாவதைவிட எளிது என்று கொள்வதற்கில்லை. அச்சிட்ட கட்டகம் எழுத்து வழக்கில் இருக்கிறது. அதை உரக்கப் படித்துக் காட்டுவதால் மட்டும் பயிற்சி நிகழ்ந்துவிடாது. படித்த தொடரைப் பேச்சு வழக்கில் திரும்பச் சொல்லி, உள்ளூர்ப் பள்ளியின் நிலைமைக்குப் பொருத்தி, கேட்போர் முகம் நோக்கி மீண்டும் ஒருமுறை வேறு சொற்களில் சொல்லும்போதே கருத்து இறங்குகிறது. ஆங்கிலத்தில் மூலவளம் என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கப்படும் இப்பயிற்றுநரைத் தமிழ்நாட்டுக் கல்வித்துறை கருத்தாளர் என்று அழைக்கிறது. அழகிய ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருத்தை உடையவர் என்ற பொருளே அதிலுள்ளது. கருத்தை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெலுத்துபவர் என்ற பொருள் ஆங்கிலப் பெயரிலும் இல்லை, தமிழ்ப் பெயரிலும் இல்லை.

அவருடைய பணியின் இயல்பைக் கலைச்சொற்கள் நன்கு காட்டுகின்றன. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை தமிழகப் பள்ளிகளுக்கு வந்தபோது வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்னும் இரு சொற்கள் வழக்குக்கு வந்தன. கற்றல் வளர்ந்துகொண்டிருக்கும்போதே அறிவது ஒன்று. பருவ இறுதியில் தொகுத்து அறிவது மற்றொன்று. வினைத்தொகையாக அமைந்த இவ்விரு சொற்களும் ஆங்கில மூலத்தைவிடத் தெளிவுடையன எனலாம். அச்சில் இவை நிலைத்தன. பயிற்சி அறையிலும் ஆசிரியர் ஓய்வறையிலுமோ எஃப்.ஏ., எஸ்.ஏ. என்னும் எழுத்துச் சுருக்கங்களே புழங்கின. கருத்தாளர் ஒரே மூச்சில் இரண்டையும் பயன்படுத்துவார்: கட்டகத்தைச் சுட்டும்போது வளரறி, மதிப்பெண் பதிவேட்டைச் சுட்டும்போது எஃப்.ஏ. மொழிக்கலப்பு என்று குறை கூறப்படும் இப்பழக்கம், உண்மையில் புதிய சொல்லைப் பழகிய சொல்லோடு இணைத்துக் காட்டும் உரைகாரர் உத்தியாகும். பழந்தமிழ் உரையாசிரியர்கள் அருஞ்சொல்லுக்கு அருகில் வழக்குச் சொல்லை வைத்துப் பொருள் விளக்கிய முறையும் இதுவே.

இதனினும் சிக்கலானது ஒருங்கிணைந்த என்னும் அடைமொழியின் வரலாறு. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் மத்திய அரசின் 1974ஆம் ஆண்டுத் திட்டம் ஒருங்கிணைந்த கல்வி எனப்பட்டது. பின்னர்க் கல்வியியலில் நோக்கு மாறியது. குழந்தை பள்ளிக்கேற்ப மாறுவதன்று, பள்ளி குழந்தைக்கேற்ப மாறுவதே வேண்டும் என்ற கொள்கை எழுந்தது. அக்கொள்கைக்கு உள்ளடக்கிய கல்வி என்ற பெயர் வழங்கலாயிற்று. இரண்டுக்குமுள்ள வேறுபாடு கொள்கை வேறுபாடு. சொல் மாறினால் கொள்கை மாறிவிடும். 2018இல் மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டம் வந்தபோது தமிழில் அதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று பெயரிடப்பட்டது. இங்கு அடைமொழி முழுமையைக் குறிக்கிறது; மாற்றுத்திறன் குழந்தைகளோடு அதற்குத் தனித்தொடர்பில்லை. ஆக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் நடக்கும் பயிற்சியில், ஒருங்கிணைந்த கல்வி என்ற பழைய கொள்கை கைவிடப்பட்டு உள்ளடக்கிய கல்வி மேற்கொள்ளப்பட வேண்டும் என்று ஆசிரியர் கற்கிறார். வகுப்பறையில் இக்குழப்பத்தைத் தீர்க்க ஒரு நிமிடம் போதும். யாரேனும் ஒருவர் கேட்பார்; கருத்தாளர் விளக்குவார். எழுத்தில் மட்டும் பயிற்சி வரும்போது கேட்பதற்கும் ஆளில்லை, விளக்குவதற்கும் ஆளில்லை.

செயற்கைக்கோள் காலத்து முன்மாதிரிகள்

தொலைவிலிருந்து ஆசிரியர்களைப் பயிற்றும் முயற்சி இணையத்தோடு தொடங்கியதன்று. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற, சைட் என்ற சுருக்கப்பெயர் கொண்ட செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை இவ்வகையில் முதற்பெரும் முயற்சியாகும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தனது ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இந்தியப் பயன்பாட்டுக்கு அளித்தது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கம்பி வலையால் அமைந்த 3 மீட்டர் அகல அலைவாங்கிகள் அவ்வூர்களில் நிறுவப்பட்டன. தமிழ்நாடு இச்சோதனையில் இடம்பெறவில்லை.

மொழியியலாளர் நோக்குக்கு இச்சோதனையில் இரு கூறுகள் முதன்மையானவை. முதலாவது, அதன் நேரப் பங்கீடு. காலை ஒளிபரப்பு ஒன்றரை மணி நேரம். அது இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்னும் நான்கு மொழிகளுக்கும் இருபத்திரண்டரை நிமிடங்களாகச் சரிசமமாகப் பிரிக்கப்பட்டது. மொழிக்குரிய பங்கு இவ்வளவு துல்லியமாக நிமிடக் கணக்கில் வரையறுக்கப்பட்ட கல்வித் திட்டம் வேறொன்றைக் காட்டுவது அரிது. இரண்டாவது, அதன் தொழில்நுட்பத்திலேயே மொழிபெயர்ப்புக்கு இடம் வைக்கப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் ஒரு காட்சித் தடத்தையும் இரண்டு குரல் தடங்களையும் சுமந்தது. ஒரே படத்துக்கு ஒரே வேளையில் இரு மொழிகளில் குரல் அளிக்க இயலும். பொறியாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரு திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு மேசையில் அமர்ந்தாலன்றி இத்தகைய அமைப்பு உருவாவதில்லை. பிற்காலக் கல்வித் தொழில்நுட்ப முயற்சிகளில் இந்த ஒழுங்கு மாறி, எல்லாம் முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வழக்கம் தலைதூக்கியது.

பள்ளி விடுமுறைக் காலங்களில் காலை ஒளிபரப்பு ஆசிரியர் பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டது. அறிவியல் கற்பித்தல் குறித்த 12 நாள் பயிற்சி இரு சுற்றுகளாக நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பங்கேற்றனர். இப்பயிற்சியைத் தொலைக்காட்சிப் பயிற்சி என்று மட்டும் கூறுவது பொருந்தாது. படத்தோடு வானொலி உரையும், அச்சிட்ட செயல்பாட்டு வழிகாட்டியும், சோதனைகளைச் செய்துபார்க்கும் பொருள்களும் சேர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மையத்தில் ஒரு பயிற்றுநர் இருந்தார். படம் முடிந்தபின் எஞ்சிய நேரம் அவருடையது. தொலைவிலிருந்து வந்த குரலுக்கும் அறையில் இருந்தவருக்கும் இடையே ஓர் ஆள் தேவை என்பது அத்திட்டத்தின் அமைப்பிலேயே ஏற்கப்பட்டிருந்தது.

இருபதாண்டுகளுக்குப் பின் கர்நாடகத்தில் மற்றொரு சோதனை நடந்தது. 1996 ஜனவரி 7 முதல் 13 வரை, 20 மையங்களில் கூடிய 850 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே பயிற்சியளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் அது மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. இவற்றில் காட்சி ஒருவழி, குரல் இருவழி. மையத்திலிருந்த ஆசிரியர் தொலைபேசியில் வினவலாம். நிலையத்திலிருந்த வல்லுநர் திரையில் தோன்றி விடையிறுப்பார். எல்லா மையங்களும் அவ்வினாவையும் விடையையும் கேட்கும். அடுக்கு முறையின் நடுவடுக்குகளை நீக்கிவிடுவது இச்சோதனைகளின் நோக்கங்களுள் ஒன்று. நடுவடுக்குகள் நீங்கின, ஆனால் வினவும் உரிமை நீங்கவில்லை. வினவும் உரிமை இருக்கும்வரை மொழிபெயர்ப்பின் பிழையைத் திருத்தவும் வழியிருக்கும். கேட்பவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது அவர் வினாவிலேயே வெளிப்பட்டுவிடும் அன்றோ!

2004 செப்டம்பர் 20இல் கல்விக்கென்றே ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் 2010 வரை இயங்கியது. அது இம்முறையைப் பரப்பியதேயன்றி மொழி நோக்கில் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

இணையத்துக்கு மாறிய பயிற்சி

தீக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5இல் தொடங்கப்பெற்றது. நிஷ்தா அதன்வழி வந்தபோது, நேரில் பயிற்சி பெறாது எஞ்சியிருந்த ஏறத்தாழ 24 இலட்சம் பேரை எட்டுவது இலக்காக இருந்தது. 18 பாடங்கள் மும்மூன்றாக, ஏறத்தாழ இரு வார இடைவெளியில் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் படிக்கும் பகுதி, காணொளி, செயல்பாடு, இறுதியில் வினாத்தொகுப்பு ஆகியவை இருந்தன. மாநிலங்கள் இவற்றைத் தத்தம் மொழியிலும் சூழலுக்கேற்பவும் அமைத்துக்கொள்ள இடமிருந்தது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் தமிழ்க் கட்டகங்களைப் பயின்றனர்.

திட்டத்தின் பெயர்களே ஒரு சிறு குறிப்புக்கு உரியவை. நிஷ்தா, தீக்ஷா ஆகிய இரண்டும் ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, வடமொழிச் சொல்லின் ஒலிவடிவு வருமாறு அமைக்கப்பட்டவை. இந்தி அறிந்தார்க்குச் சொல்லும் பொருள் தரும், சுருக்கமும் பொருள் தரும். இவ்விரு வடசொற்களும் தமிழுக்கு அயலானவை அல்ல; நிட்டை எனவும் தீக்கை எனவும் சைவ நூல்களில் பன்னூற்றாண்டுகளாக வழங்குபவை. ஆயின் நிட்டைப் பயிற்சி என்று எழுதத் துணிந்தார் எவருமிலர். பெயர்களை ஒலிபெயர்த்தே வழங்க வேண்டியிருந்தது. தமிழாசிரியருக்கு அவை பொருளற்ற வெறும் ஒலிக்கூட்டங்களாயின. சுருக்கப்பெயரில் புதைத்து வைக்கும் சிலேடை எல்லை தாண்டாது என்பது மொழிபெயர்ப்பாளர் நெடுங்காலமாக அறிந்த செய்திதான்.

இணையக் கட்டகத்தின் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட சிக்கல்கள் நூல் மொழிபெயர்ப்பாளரின் சிக்கல்களினின்று வேறுபட்டவை. அவற்றுள் வினாத்தொகுப்பு முதலிடம் பெறுகிறது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் வினாக்களை ஆங்கிலத்தில் அமைப்போர், முற்றுப்பெறாத தொடரைத் தந்து, அதன் இறுதியில் இட்ட கோட்டை நிரப்பச் சொல்வது வழக்கம். ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருள் தரும் முன்னிடைச்சொல் கோட்டுக்கு முன்னரே வந்துவிடும். விடைகள் வெறும் பெயர்ச்சொற்களாக நிற்கும். தமிழில் வினை இறுதியில் நிற்பதால் கோடு தொடரின் நடுவே நகர்கிறது. வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டுவதால் ஒவ்வொரு விடையும் உருபேற்க வேண்டியதாகிறது. குழந்தை எதனால் நன்கு கற்கிறது என்ற வினாவுக்கு அனுபவம், விரிவுரை, மனப்பாடம், தண்டனை என்பன விடைகளாயின், கோடிட்ட தொடரில் அவை அனுபவத்தால், விரிவுரையால் என்று வரவேண்டும். சில விடைகளுக்கு ஆல் உருபு பொருந்தும், சிலவற்றுக்கு இருந்து என்பதே பொருந்தும் என்ற நிலை ஏற்படின், உருபின் பொருத்தமே சரியான விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தவிர்க்க எல்லா விடைகளையும் உருபின்றி வைத்தால், தொடர் எப்படியும் தமிழாகாது. தொடர் வினாவை நேர் வினாவாக மாற்றிவிடுவதே இதற்குத் தீர்வு. அவ்வாறு மாற்றுவதற்கு மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை வேண்டும். சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நடைமுறையில் அவ்வுரிமை எளிதிற் கிட்டுவதில்லை.

எதிர்மறை வினாக்கள் மற்றொரு வகை. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் தொடரின் நடுவே வரும். பெரிய எழுத்தில் அச்சிட்டால் கண்ணில் படும். தமிழில் அன்று, அல்ல, இல்லை என்பன தொடரின் கடைசியில் வருகின்றன. செல்பேசியின் சிறு திரையில் நீண்ட வினாவொன்று மூன்று வரிகளாக மடியும்போது கடைசிச் சொல்லைக் காணாமலே விடைக்குத் தாவுவோர் உண்டு. இங்குத் தவறும் மதிப்பெண் ஆசிரியரின் அறியாமையை அளப்பதில்லை, தொடரமைப்பை அளக்கிறது.

காணொளியில் இடர் காலம் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் பேசிமுடியும் செய்தி, தமிழ் எழுத்து வழக்கில் அதனினும் கூடுதல் நேரம் கேட்கிறது. படமோ அதே ஒரு நிமிடம் ஓடுகிறது. குரல் கொடுப்பவர் விரைந்து படிக்க வேண்டும், அல்லது மொழிபெயர்ப்பாளர் சுருக்க வேண்டும். சுருக்கும்போது முதலில் விழுவன எடுத்துக்காட்டுகளும் மறுகூற்றுகளும். கருத்தாளர் தம் பேச்சில் மிகுதியாகச் சேர்த்துவந்தவையும் அவையே. சைட் சோதனையில் ஒரு படத்துக்கு இரு குரல் கொடுக்க முற்பட்டோர் எதிர்கொண்ட கால நெருக்கடி இங்கு வேறு உருவில் திரும்பி வந்தது. படத்துக்குப் பின் பேசிய பயிற்றுநர்தாம் திரும்பி வரவில்லை.

இடைமுகத்தின் மொழியையும் இங்கே கருதலாம். இணையத் தளங்களின் பொத்தான்களில் உள்நுழை, சமர்ப்பி, தொடர் என்றவாறு ஒருமை ஏவல் வடிவங்கள் இடம்பெறுவதும், அவற்றுக்கு மாற்றாக உள்நுழையவும், சமர்ப்பிக்கவும் என்ற வடிவங்கள் வருவதும் தமிழ் மென்பொருள் உலகில் இன்னும் முடிவுறாத போட்டியாகும். ஆங்கில ஏவலில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழ் ஏவலில் உண்டு. இருபதாண்டு அனுபவமுடைய தலைமையாசிரியரைச் சமர்ப்பி என்று பணிப்பது பயிற்சி அறையில் நினைத்தும் பார்க்க இயலாதது. அங்கு அவரைச் சார் என்றோ அம்மா என்றோ விளித்து, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றே சொல்வர். வியங்கோளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட -அவும் வடிவம் அலுவலகச் சுற்றறிக்கையின் வாடையை உடையதேனும், ஒருமையின் கூர்மையைத் தவிர்ப்பதால் ஏற்புடையது எனலாம்.

ஈட்டங்களையும் மறுப்பதற்கில்லை. வகுப்பறைப் பயிற்சியின் வாய்மொழிப் பெயர்ப்பு முற்றிலும் கருத்தாளரின் திறனைப் பொறுத்தது. ஆங்கிலப் பயிற்சி குறைந்த கருத்தாளர், தமக்கு விளங்காத பகுதியை விரைந்து கடந்துவிடுவார். கேட்டோருக்கு அப்பகுதி இருந்ததென்பதே தெரியாது. இணையத்தில் வரும் எழுத்துப் பெயர்ப்பு குறையுடையதாயினும் கண்முன் நிற்கிறது. அதனைச் சுட்டிக்காட்டலாம், திருத்தலாம். மீண்டும் படிக்கலாம், காணொளியை நிறுத்திக் கேட்கலாம். கைக்குழந்தையுள்ள ஆசிரியை தொலைவிலுள்ள மையத்துக்குச் செல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உருது, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளும் உள்ளன. அவற்றின் ஆசிரியர்கள் பெரும்பான்மை மொழியில் நடக்கும் பயிற்சியில் அமர்ந்து கேட்டுவிட்டுத் தம் பயிற்றுமொழிக்குத் தாமே பெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே பாடம் பல மொழிகளில் ஒரே தளத்தில் கிடைக்கும் அமைப்பு, சிறுபான்மை மொழியாசிரியருக்கு முன்னெப்போதும் இல்லாத வாய்ப்பாகும்.

இருப்பினும் கருத்தாளர் விட்டுச்சென்ற வெற்றிடம் வெறுமையாகவே இருந்துவிடவில்லை. ஆசிரியர்கள் புலனக் குழுக்களை நாடினர். எந்த இணைப்பைத் திறப்பது, எப்பாடம் எந்நாளில் முடிகிறது என்னும் செய்திகளோடு, இறுதி வினாக்களின் விடைகளும் அக்குழுக்களிலும் கல்விச் செய்தித் தளங்களிலும் பரவின. இதை ஒழுக்கக் கேடாகக் காண்போர் பலர். அக்கண்டனம் முழுதும் தவறென்று கூறவியலாது. எனினும், வினா தெளிவாயின் விடை தேடி அலைவது குறையும் என்பதும் எண்ணத்தக்கது. விடைத்தாளோடு சேர்ந்து, இவ்வினா எதைக் கேட்கிறது என்னும் பேச்சு வழக்கு விளக்கங்களும் குரற்பதிவுகளாகப் பகிரப்பட்டன. அடுக்கு முறையின் கடைசி அடுக்கு, திட்டத்துக்கு வெளியே தானாகத் தோன்றிக்கொண்டது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

2021க்குப் பின்

நிஷ்தா 2021இல் இடைநிலை ஆசிரியர்களுக்கும், பின்னர் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுப் பயிற்சிக்கும் விரிந்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணிவளர்ச்சியில் பங்கேற்க வேண்டுமென 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறுவதால், இணையவழிப் பயிற்சியின் தேவை குறையப்போவதில்லை. ஆசிரியரோடு இது நின்றுவிடவும் இல்லை. மத்திய அரசு ஊழியர் அனைவரின் பயிற்சியையும் இணையத்தின்வழி அமைக்கும் கர்மயோகி இயக்கத்துக்கு 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இப்பெருக்கத்துக்கு மனித மொழிபெயர்ப்பாளர் தொகை ஈடுகொடாது என்ற கணக்கில், 2022இல் தொடங்கிய பாஷினி முதலிய இயந்திர மொழிபெயர்ப்பு முயற்சிகள் கல்வித்துறைக்குள்ளும் நுழைந்துள்ளன. இயந்திரம் விரைவாகப் பெயர்க்கிறது. சொல்லொருமையைப் பேணுவதிற் சில இடங்களில் மனிதரை விஞ்சவும் கூடும். ஆனால் ஒருங்கிணைந்த என்ற அடைமொழியின் மூன்று வாழ்வுகளை அறிந்து, எந்த இடத்தில் எது என்று துணிவதற்குத் துறைசார்ந்த கலைச்சொல் தொகுதி அதற்கு முன்னரே தரப்பட்டிருக்க வேண்டும். அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதலும், மைசூரில் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் 2008 முதலும் செய்துவரும் கலைச்சொற் பணி பெரிதும் உயர்கல்விப் பாடத்துறைகளை நோக்கியது. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பணிச்சொற்கள் அவ்வளவு ஒழுங்காகத் தொகுக்கப்பட்டவை அல்ல. அச்சொற்களுக்குச் சான்று கருத்தாளர்களின் பேச்சில் இருந்தது. அப்பேச்சு பதிவு செய்யப்படவில்லை.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர்களுக்கான பயிற்சி மீண்டும் வட்டார வள மையங்களில் நேரடியாக நடந்தது. இணையம் கைவிடப்படவில்லை, அறைக்குள் வந்து சேர்ந்தது. இன்றைய பயிற்சி அறைகளில் காணொளி திரையில் ஓடுகிறது; ஓரிடத்தில் கருத்தாளர் அதை நிறுத்தி, சற்றுமுன் கேட்ட தொடரைத் தம் சொற்களில் ஒருமுறை திரும்பச் சொல்கிறார். கேட்போர் தலையசைத்தபின் காணொளி தொடர்கிறது.